லாவண்டர் வீட்டார்

பிரமநாயகியைக் குடும்பப் படத்திலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். அவள் செய்த குற்றம், லாவண்டர் நிறத்தில் வரச் சொன்ன கல்யாணத்துக்கு வாடாமல்லி நிறத்தில் பட்டு உடுத்தி வந்தது. இறங்கச் சொன்னவன் சென்னையிலிருந்து வந்திருந்த போட்டோக்காரன். அவனைத் தடுக்காமல் நின்றவள் மணப்பெண் காந்திமதி, பிரமுவின் சொந்த அக்கா மகள், கல்லூரி படித்த மூன்று வருஷமும் பிரமுவின் வீட்டிலேயே தங்கி, பிரமுவின் கையால் தலை பின்னிக்கொண்டு போனவள். மேடையில் இரண்டாவது படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரமுவின் மகள் சங்கமித்ராவுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது, ஆனால் எரிகிற முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் சிரிக்கச் சொல்லியிருந்தார்கள். அதுவும் பல் தெரியாத சிரிப்பு, ‘ஸாஃப்ட்டா, ஸாஃப்ட்டா’ என்று போட்டோக்காரன் காற்றைத் தடவிக் காட்டின சிரிப்பு. கன்னம் இரண்டும் காய்ந்த பசை மாதிரி இழுத்தது. நகர வழியில்லை. முன்னால் நாற்காலியில் பெரியப்பா, இடப்பக்கம் செல்லத்துரை மாமாவின் தோள், வலப்பக்கம் பூச்சுற்றிய தூண், அந்தத் தூணில் குத்தியிருந்த பிளாஸ்டிக் லாவண்டர் ஒன்று அவள் காதைக் குடைந்துகொண்டிருந்தது. முந்தானையை ரவிக்கையோடு சேர்த்து அலங்காரம் செய்த பெண் எத்தனை ஊக்கு குத்தினாளோ, தோளை ஒரு அங்குலம் தூக்கினால் எங்கேயோ ஒன்று சுருக்கென்றது. ‘யாரும் நகராதீங்க, லாவண்டர் எல்லாம் அப்படியே இருங்க, லைட் மாத்திக்கிறேன்’ என்றான் அவன். லாவண்டர் எல்லாம். பெண் வீட்டார் என்று சொல்லவில்லை. கீழே, முதல் வரிசை நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடி நிறைய மேடையில் நிற்பவர்களின் கைப்பைகள்.

‘டார்க் பர்ப்பிள் ஆன்ட்டி, நீங்க மட்டும் கொஞ்சம் இறங்கிக்கோங்க. கேமராவுல உங்க சாரி மட்டும்தான் தெரியுது’ என்று அவன் சொன்னபோது அது தன்னைத்தான் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பூச்சுவர்தான் இருந்தது. அந்தத் திரும்பலில்தான் மித்ராவின் மனசு போய் மாட்டிக்கொண்டது, முள்ளில் மாட்டின துணி மாதிரி, இழுக்க இழுக்கக் கிழிந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். மதி அக்கா கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தது, ‘சித்தி, ஒரு நிமிஷம் சித்தி, இந்த செட் மட்டும்’ என்று சொன்னது, மணப்பெண்ணைப் பெற்ற பெரியம்மா தன் வளையலைச் சரிசெய்துகொண்டது, அம்மா ‘அதுக்கென்னட்டி, நான் கீழ நின்னு கண்ணு நெறையப் பாக்கேன்’ என்று புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கியது, இறங்கும்போது ஒரு கை பிடிக்க யாரும் இல்லாமல் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டது, எல்லாம் சரி. ஆனால் அந்தத் திரும்பல்? ஒரு மனுஷி தன்னைத் தவிர வேறு யாரோ என்று நினைத்துத் திரும்புகிறாள் என்றால், தான் இங்கே நிற்கத் தகுந்தவள் என்பதில் அவளுக்கு எவ்வளவு நிச்சயம் இருந்திருக்க வேண்டும். இந்த செட் மட்டும். மட்டும் என்றால் என்ன? ஒன்று என்று அர்த்தம். செட் என்றால் எத்தனை என்று யார் சொன்னது? அந்த ‘மட்டும்’ முடிந்து அடுத்ததும் வந்து, தாத்தா வழி, மாமா வழி, அக்கா தங்கச்சிகள், மறுபடியும் மொத்தமாக என்று போய்க்கொண்டே இருந்தது, அம்மாவை மேலே கூப்பிட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இதற்கிடையில் மதி அக்காவுக்குத் தங்கச்சி முறையான ஒருத்தி, ‘சித்தி, அப்படியே என் போன்லயும் ஒண்ணு எடுத்துருங்களேன்’ என்று மேலேயிருந்து கத்த, அம்மா மடிப் பைகளைப் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள். தான் இல்லாத குடும்பப் படத்தைத் தானே எடுத்தாள். ‘ஆடாம நில்லுங்கட்டி’ என்று வேறு சொன்னாள்.

இதில் யார் செய்தது தப்பு என்று கேட்டால் நேராக ஒரு விரலை நீட்ட முடியாது, அதுதான் மித்ராவுக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் என்றால் எதிர்க்கட்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாள். அரசியல் அறிவியல் முதுகலை இரண்டாம் வருஷம், பேராசிரியரே ‘சங்கமித்ரா, மத்தவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைம்மா’ என்று கும்பிடுகிற வாய். வீட்டில் வக்கீலம்மா. அந்த வாயால்தானே ஆவணியில், குடும்பத்து வாட்ஸப் குழுவில் மதி அக்காவின் செய்தி வந்த அன்றைக்கு, அவளுக்காக வாதாடினாள். ‘அன்பான வேண்டுகோள். பெண் வீட்டார் லாவண்டர், மாப்பிள்ளை வீட்டார் மின்ட் க்ரீன் நிறத்தில் வந்து எங்கள் நாளை அழகாக்குங்கள்.’ கூடவே இரண்டு சதுரமாக நிறங்களும் போட்டிருந்தாள். குழு பற்றிக்கொண்டது. செல்லத்துரை மாமா குரல் பதிவிலேயே வந்துவிட்டார்: ‘யூனிபாரம் போடாமப் போயிப் பள்ளிக்கூட வாசல்லயே முட்டுக்கால் போட்டு நின்னவன் நான், அறுபது வயசுல எனக்கு யூனிபாரமா? தாய்மாமன் வெள்ளச் சட்டையிலதான் வருவேன், வேணும்னா வாசல்ல முட்டுக்கால் போடுதேன்.’ எல்லோரும் சிரித்தார்கள். மித்ரா சிரிக்கவில்லை, எழுதினாள். மாமா, கல்யாணம் அவளுடையது. எந்தப் பூ, எந்தச் சாப்பாடு, எந்த மேளம் என்று அவள் தேர்ந்தெடுக்கலாம், நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் ஏன் குத்துகிறது? பெண்ணாகப் பிறந்தவளுக்கு வாழ்நாளில் ஒரு நாள், அந்த ஒரு நாளாவது அவள் கண்ணுக்குப் பிடித்த மாதிரி உலகம் இருக்கட்டுமே. கேட்பதில் என்ன தப்பு? மாமா ஒரே ஒரு வரி அனுப்பினார்: ‘கேக்கட்டும். கேட்டபடி வரலேன்னா என்ன செய்வா?’ ஒன்றும் செய்யமாட்டாள் மாமா, வேண்டுகோள் என்றுதானே போட்டிருக்கிறாள், ஆணை என்று போடவில்லையே, சொல்லைக் கவனியுங்கள் என்று எழுதிவிட்டு மித்ரா அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். சொல்லைக் கவனியுங்கள். வேண்டுகோள் என்பது மறுக்கக்கூடியது. மறுத்தாலும் உறவு இருக்கும் என்றால்தான் அது வேண்டுகோள். மறுத்தவளை, மறுக்கக்கூட இல்லை, சரியாகச் செய்கிறேன் என்று பாடுபட்டுச் சின்னதாய்ப் பிசகினவளைக் கீழே இறக்குவது என்றால் அதற்குப் பெயர் வேறு. மாமா கேட்ட கேள்விக்குப் பதில் இதோ கைப்பைகளோடு உட்கார்ந்திருக்கிறது. கேட்ட மாமாவோ வெள்ளைச் சட்டையில், அவர் சொன்னபடியே, அவள் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். அவரைப் பார்த்துப் போட்டோக்காரன் ‘ஒயிட் ஓகே சார், ஒயிட் நியூட்ரல்’ என்றான். ஆம்பளைக்கு நியூட்ரல். ‘மாமா, அம்மாவ’ என்று அவள் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். ‘விடு தாயி, இப்பம் முடிஞ்சிரும்’ என்றார் அவரும் உதட்டை அசைக்காமல்.

அம்மா அந்தப் புடவையை வாங்கின கதை இன்றைக்குக் காலையில்தான் மித்ராவுக்குத் தெரியும். விடுதியிலிருந்து நேற்று ராத்திரிதான் வந்திருந்தாள். மதி அக்கா தங்கச்சிமார் எல்லோருக்கும் ஒரே மாதிரி எடுத்து அனுப்பியிருந்த புடவையை, வெளிறிப்போன, சாம்பலில் ஒரு சொட்டு ஊதா விழுந்த மாதிரியான அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்றபோது அம்மா உள்ளறையிலிருந்து வந்தாள். அறையே ஒரு நொடி வேறு அறையாகிவிட்டது. கோயில் வாசலில் கூடை கவிழ்த்துக் கொட்டின வாடாமல்லி, ஈரம் தெளித்தது, அதில் மெல்லிசாக ஒரு பொன் கரை. ‘எப்படிட்டி?’ என்றாள் அம்மா. வாங்கின பாட்டை அவளாகவே சொன்னாள். லாவண்டர்னா என்ன நெறம்னு யார்ட்ட கேக்க, உங்க அப்பாட்ட கேட்டா அது இங்கிலீசு வாசனைங்காக, பக்கத்து வீட்டு டீச்சர் ஊதாதான் அக்காங்கா, ஊதான்னா எந்த ஊதா, கத்தரிக்காயா, நாவப்பழமா, சங்குப்பூவா? அப்பந்தான் ஒரு நாள் தரை துடைக்கிற லிக்விட் பாட்டில எடுக்கேன், கொட்டை எழுத்துல போட்டிருக்கான், லாவண்டர்னு. இத்தன நாளா வீட்டுக்குள்ளயே வச்சிக்கிட்டு ஊரெல்லாம் கேட்டிருக்கேன் பாரு. மூடியக் கழத்திக் கையோட கொண்டு போயிட்டேம்லா. போனில் வந்த சதுரமோ? அந்தச் சதுரம் அம்மாவின் போனில் வெறும் மங்கலாகத்தான் தெரிந்ததாம், திரையில் விரிசல் விழுந்து எல்லாமே சாம்பல் பூத்திருக்குமே. ஜவுளிக்கடையில் அந்த மூடியைப் பட்டின் மேல் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். கடைக்காரப் பையன், ‘அக்கா, புடவை எடுக்க வந்தீயளா, பாட்டிலுக்குச் சட்டை எடுக்க வந்தீயளா’ என்று கேட்டானாம். ‘என் மக கல்யாணம்டே, மூச்சு விடாம எடுத்துப் போடு’ என்றாளாம் இவள். என் மக. அக்கா மகளை அவள் அப்படித்தான் சொல்வாள், ஒட்டாமல் சொன்னதே கிடையாது. கடைசியில் மூடி எங்கே, பட்டு எங்கே என்று தெரியாத அளவுக்குப் பொருந்தின ஒன்று கிடைத்திருக்கிறது. மித்ராவுக்கு அது லாவண்டர் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. அழகாயிருக்கும்மா என்றுதான் வாயில் வந்தது, அது பொய்யும் இல்லை. திருநெல்வேலியில் லாவண்டரை எவர் கண்டார்? எந்தத் தோட்டத்தில் பூக்கிறது, எந்தச் சாமிக்குச் சாத்துகிறார்கள்? கண்ணால் பார்க்காத ஒரு பூவின் நிறத்தில் வா என்று கேட்டால், தரை துடைக்கிற பாட்டிலில்தான் போய்த் தேட வேண்டும். தேடினாளே. போகாமல் இருந்தாளா, எனக்குத் தெரிந்ததைக் கட்டுவேன் என்று சொன்னாளா? மாமா சொன்னார், அவர் மேலே நிற்கிறார். இவள் தேடினாள், கீழே இருக்கிறாள்.

‘சின் கொஞ்சம் கீழ, லாவண்டர் சிஸ்டர், செகண்ட் ரோ, ஆமா நீங்கதான்.’ மித்ரா தாடையைக் கீழே இறக்கினாள். இறக்கினதும் பார்வை நேராக அம்மாவின் மேல் போய் விழுந்தது. அம்மாவும் பார்த்தாள். பார்த்து, போனைப் பிடித்திருந்த கையின் இரண்டு விரலை மட்டும் லேசாகத் தாழ்த்தினாள், சின்ன வயசில் விருந்தாளிகள் முன்னால் மித்ரா எதையாவது கேட்க வாய் எடுத்தால் காட்டுகிற அதே விரல். சும்மா இரு. இதுதான் கடைசிக் கதவு, இதையும் அம்மாவே உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். பேசினால் யாருக்காகப் பேச? அவளே வேண்டாம் என்கிறாளே. பேசாமல் நின்றால் யாரோடு சேர்த்தி? லாவண்டரோடு சேர்த்தி. மனசுக்குள் மேடை போட்டுப் பேசிப் பார்த்தாள். முதலில், சபையோரே என்று தொடங்கக்கூடாது, சிரிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் படம் எடுத்தபோது பார்த்தேன் என்று தொடங்கலாம். சற்றுமுன்தான், இதே மேடையில், வெளிர்ப் பச்சைக்கு நடுவே மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி மாம்பழ மஞ்சளில், சரிகை கண்ணைக் குத்த, முதல் வரிசையில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள். கேமராவில் அவள் மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். அவளை இறங்கச் சொல்ல எவனுக்காவது நாக்கு எழும்பியதா? பெரியம்மா ஓடிப்போய் அவளுக்கு நாற்காலி அல்லவா இழுத்துப் போட்டாள். ஆக, இது நிறத்தின் விவகாரமே இல்லை. நிறம் ஒரு சாக்கு. மாப்பிள்ளை வீட்டு மஞ்சள் மஞ்சளாகவே இருக்கலாம், தாய்மாமனின் வெள்ளை நியூட்ரல், பெண் வீட்டுச் சித்தியின் வாடாமல்லி மட்டும் கண்ணை உறுத்தும். யாரை இறக்கினால் சத்தம் வராதோ அவளை இறக்குவார்கள். நல்ல வரி. இந்த வரிக்கு வகுப்பில் கைதட்டல் விழும். இங்கே என்ன விழும்? ‘வக்கீலம்மா ஆரம்பிச்சிட்டா’ என்று யாராவது சொல்வார்கள், அதோடு முடிந்தது. எப்போதும் பேசுகிறவள் பேசினால் அது பேச்சாகவே கணக்கில் வராது, மழைக்காலத்து மழை. வாயே திறக்காத ஒருத்தி பேசியிருந்தால் மண்டபம் திரும்பிப் பார்த்திருக்கும். இத்தனை வருஷம் வாதாடி வாதாடி, தேவைப்படுகிற நேரத்துக்குத் தன் வாயைத் தானே செல்லாததாக்கிக்கொண்டுவிட்டோமோ என்று நினைத்தபோது தோள் எழும்பிவிட்டது. ஊக்கு சுருக்கென்றது. பிளாஸ்டிக் பூ காதைக் குடைந்தது. சிரிப்பு நழுவுகிறதோ என்று பயந்து அவசரமாக மறுபடி இழுத்து மாட்டிக்கொண்டாள், அப்படி மாட்டிக்கொண்ட தன்னைத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

பயம் இந்த மேடையைப் பற்றி மட்டும் இல்லை. இந்தப் படம் பெரியம்மா வீட்டு முன்னறையில் கதவளவுக்குத் தொங்கும். வருகிறவர்களுக்கெல்லாம் பெரியம்மா ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டுவாள். மதி அக்காவுக்குப் பிறக்கப்போகிற பிள்ளை ஒருநாள் அதன் முன்னால் நின்று, இது யாரு, இது யாரு என்று கேட்டு வரும், எல்லா முகத்துக்கும் பெயர் கிடைக்கும், அம்மாவைக் கேட்கவே கேட்காது, இல்லாத முகத்தை எந்தப் பிள்ளை கேட்கும்? இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் இப்படி எல்லோரும் கூடப்போவதும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் மதி அக்காவை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், அங்கேயிருந்து பெங்களூரு. மித்ரா அக்காவின் பின்தலையைப் பார்த்தாள். முல்லைச் சரத்துக்குக் கீழே பின்னல். அந்தப் பின்னலை எத்தனை நாள் அம்மா எண்ணெய் தொட்டுப் போட்டிருக்கிறாள். தூத்துக்குடியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கின முதல் ராத்திரியே அக்கா குளியலறையில் பல்லியைப் பார்த்துவிட்டு வீடே இடிகிற மாதிரி அலறினாள். அன்றைக்குத் தொடங்கி மூன்று வருஷம், அக்கா குளிக்கப் போகும்முன் அம்மா விளக்குமாறோடு உள்ளே போய், சுவரையெல்லாம் தட்டி, மூலையெல்லாம் குனிந்து பார்த்து, ‘போட்டி, ஒண்ணும் இல்ல, போயிக் குளி’ என்று சொல்லிவிட்டு வெளியே கதவோரத்தில் நிற்பாள், அக்கா தாழ்ப்பாள் போடமாட்டாள், ‘சித்தி இருக்கீயளா?’ என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருப்பாள், ‘இங்கனதான் இருக்கேன்’ என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். மித்ராவுக்குப் பொறாமையாக இருக்கும், எனக்கும் பல்லின்னா பயம் என்று பொய் சொல்லிப் பார்த்தாள், ‘நீ பல்லியவே பேசி ஓட்டிருவ, போ’ என்றாள் அம்மா. அந்த அக்காவா, அந்தக் கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இந்த செட் மட்டும்’ என்றது? திரையில் அவள் என்ன பார்த்தாள்? சித்தியைப் பார்த்தாளா, ஊதாவைப் பார்த்தாளா? ஒருவேளை அவளும் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறாளோ. கழுத்தில் அத்தனை பாரம், புது மாமியார் எதிரே, ஒரு வருஷமாக மனசுக்குள் வரைந்து வைத்த படம், அதில் ஒரு ஓரத்தில் சிவப்பு மையைச் சிந்தின மாதிரி இது. பாவம் என்றும் தோன்றியது. தோன்றின உடனே, பாவம் என்ன பாவம், ஒரு வாய்ச்சொல், ‘அது என் சித்தி, நிக்கட்டும்’ என்று ஒரே ஒரு சொல், அதற்கென்ன நகை தடுத்ததா, மாலை தடுத்ததா? ஏனோ மறுபடியும் பாவம் என்றும் தோன்றியது. எண்ணம் செக்கு மாதிரி அதே தடத்தில் வந்து வந்து நின்றது. அக்கா ஒரு தடவை, ஒரே தடவை, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கீழே முதல் வரிசைக்கு ஓட்டியதை மித்ரா பக்கவாட்டில் பார்த்தாள். அக்கா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். போட்டோக்காரன் உடனே, ‘பிரைட் மேடம், லிப்ஸ் ஃப்ரீயா விடுங்க’ என்றான். விட்டாள்.

‘லாஸ்ட் ஒண்ணு. இது முடிஞ்சா எல்லாரும் சாப்பிடப் போகலாம், நானும் கேமராவ மூடிருவேன்’ என்றான் அவன். எல்லோரும் ஒரு மூச்சு விட்டு நிமிர்ந்தார்கள். கீழே அம்மாவும் நிமிர்ந்தாள், யாரோ கொடுத்த இன்னொரு போனைத் தூக்கினாள், கண்ணாடி நெற்றியிலிருந்து வழுக்கி மூக்கில் விழுந்தது, அதைச் சரிசெய்யக் கையில்லாமல் மூக்கைச் சுழித்தாள், அந்தச் சுழிப்பில் அவள் அழகாகவும் வயசானவளாகவும் இருந்தாள், மித்ராவின் கால் தானாக எழுந்தது. யோசித்து எடுத்த கால் இல்லை. பெரியப்பாவின் நாற்காலிக்கும் தூணுக்கும் நடுவே உடம்பை நுழைத்தாள், தோளில் ஊக்கு ஒன்று துணியைக் கிழித்துக்கொண்டு வந்தது, பிளாஸ்டிக் பூ தலைமுடியோடு பிய்ந்து வந்தது. ‘சிஸ்டர், லாவண்டர் சிஸ்டர், எங்க போறீங்க, ஃப்ரேம் உடையுது!’ மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள். தொண்டையில் எல்லாம் தயாராக இருந்தது, மாம்பழ மஞ்சள், வெள்ளை நியூட்ரல், வேண்டுகோளுக்கும் ஆணைக்கும் உள்ள வேறுபாடு, யாரை இறக்கினால் சத்தம் வராது என்பது, வரிசை வரிசையாக. வாயைத் திறந்தாள். ‘அம்மா மேல வரணும்’ என்றாள். அவ்வளவுதான் வந்தது, அதுவும் சளி பிடித்த குரலில். ‘ஏட்டி, இப்பம் எதுக்குட்டி இதெல்லாம்’ என்றாள் பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, ‘மாப்ள வீட்டுக்காரங்க பாக்காங்க.’ ‘வக்கீலம்மா’ என்று பின்வரிசையில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அம்மா கீழேயிருந்து இரண்டு விரலைத் தாழ்த்தினாள், மறுபடியும் தாழ்த்தினாள். மித்ரா அந்த விரலைப் பார்க்காதது மாதிரி அங்கேயே நின்றாள். ‘அவ இல்லேன்னா நானும் இல்ல.’

மதி அக்கா மாலையோடு முழுசாகத் திரும்பினாள். கண் கலங்கி மை ஓரத்தில் ஈரமாகியிருந்தது. ‘நான் வேண்டாம்னா சொன்னேன்? சித்தியோட தனியா ஒண்ணு எடுக்கணும்னுதான் நானும் நெனச்சிக்கிட்டே இருந்தேன், மித்ரா. சித்தி, வாங்க சித்தி. ஆனா ஆல்பத்துல…’ என்று போட்டோக்காரனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சட்டென்று முகம் தெளிந்தான். ‘சிம்பிள் மேடம். ஆன்ட்டியோட எல்லாரும் நிக்கிறத மட்டும் பிளாக் அண்ட் ஒயிட்ல போட்டுறலாம். கலரே தெரியாது, ஆல்பத்துல ஒரு பக்கம் ஆர்ட் மாதிரி இருக்கும்.’ மேடையே இளகியது. ‘அப்படிச் சொல்லுங்க தம்பி’ என்றாள் பெரியம்மா. ‘இதுக்குத்தானா இவ்வளவும்’ என்றார் மாமா. ‘ஓகேவா, மித்ரா?’ என்றாள் அக்கா, கெஞ்சுகிற மாதிரி. நியாயமாகத்தான் இருந்தது. அம்மா படத்தில் இருப்பாள், அக்காவின் ஆசையும் கெடாது, யாருக்கும் தலைக்குனிவு இல்லை. பின்னே ஏன் உள்ளே ஏதோ இன்னும் இறுகுகிறது? இதில் என்ன தப்பு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. படியில் இருந்து இறங்கியும் அதே இடத்தில் நிற்பதாகத் தோன்றியது, இப்போது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அன்பானவர்களாக வேறு ஆகிவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் தலையை அசைத்துவிடுவோமோ என்று பயந்துகொண்டிருக்கும்போதே அம்மா எழத் தொடங்கிவிட்டாள். மடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக நாற்காலியில் வைத்தாள், போன்களை அதன் மேல் வைத்தாள், முந்தானையை விரித்து உதறி மறுபடி தோளில் போட்டாள், பொன் கரை விளக்கொளியில் ஒருமுறை பளிச்சிட்டது. மித்ரா நீட்டின கையைப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள். நேராக மதி அக்காவிடம் போய், கட்டைவிரலால் அவள் கண்ணோரத்து மையைத் துடைத்துவிட்டாள், துடைத்த விரலைத் தன் வாடாமல்லியிலேயே தேய்த்துக்கொண்டாள். அக்காவுக்கும் மித்ராவுக்கும் நடுவில் நின்றாள். போட்டோக்காரன் கேமராவைத் தூக்கினான்.

‘ரெடி. பிளாக் அண்ட் ஒயிட்தான் ஆன்ட்டி, உங்களுக்கு ஓகேதானே?’

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கள் எப்போதோ சாப்பிடப் போயிருந்தார்கள். அம்மா சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது, மாம்பழ மஞ்சள் அத்தைக்குக்கூடக் கேட்டது.

‘கறுப்பு வெள்ளப் படமெல்லாம் நான் செத்த பெறகு மாலை போட்டு மாட்டதுக்கு வச்சிக்கிடுங்க தம்பி. இப்பம் உசுரோடல்லா வந்திருக்கேன். கலர்லயே எடுங்க.’